தேர்தல் தகவலுக்கு யாரை நம்புவது? எங்கள் குடியிருப்புக் குழுவுக்கு என் பரிந்துரை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு உண்டு. தண்ணீர் வெட்டு, லிஃப்ட் பழுது, கோயில் திருவிழா எல்லாம் அதில்தான் வரும். தேர்தல் நேரத்தில் அந்தக் குழு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் அடுத்த பொதுத்தேர்தலுக்கு முன்பே ஒரு முடிவு எடுக்கலாம் என்று நிர்வாகிகள் கேட்டிருக்கிறார்கள்: எங்கிருந்து வரும் தகவலைக் குழுவில் போடலாம், எதைப் போட விடக்கூடாது? இப்போதைய நாடாளுமன்றம் முதன்முதலில் கூடியது 2022 டிசம்பர் 19-இல். ஐந்தாண்டுத் தவணை, அதற்குமேல் 60 நாள் என்று கணக்குப் போட்டால் 2028 பிப்ரவரியைத் தாண்டாது. நடுவில் எப்போது வேண்டுமானாலும் கலைக்கலாம். கலைத்த பிறகு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்காது.

நான்கு யோசனைகள் வந்தன. தேர்தல் ஆணையம் சொல்வதை மட்டும் போடலாம் என்பது ஒன்று. தமிழ் வானொலி, தொலைக்காட்சி, நாளேடுகளில் வருவதைப் போடலாம் என்பது இன்னொன்று. நம் தொகுதிக் கட்சிக்காரர்களைக் குழுவில் சேர்த்து அவர்களையே கேட்கலாம் என்று சிலர் சொன்னார்கள். "எல்லாரும் பெரியவங்க, யார் எதைப் போட்டாலும் போடட்டும்" என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

அந்தக் கடைசி யோசனையை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். 2022 நவம்பர் 19 இரவு யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்றது நவம்பர் 24-இல். இடையில் இருந்த அந்த நாட்களில் டிக்டாக்கில் 1969 மே 13 இனக் கலவரத்தைக் கிளறும் காணொளிகள் பரவின. இன உணர்வைத் தூண்டும் பதிவுகளைப் போட வேண்டாம் என்று காவல்துறை எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. நம் குடியிருப்பில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் ஒரே லிஃப்டில்தான் ஏறி இறங்குகிறோம். அந்த மாதிரி ஒரு காணொளி நம் குழுவில் ஒரு மணி நேரம் கிடந்தால்கூட அதன் விலையை நாம்தான் கொடுப்போம். ஆகவே கட்டுப்பாடு வேண்டும். யார் சொல்லை வைத்துக் கட்டுப்படுத்துவது என்பதுதான் மீதமுள்ள கேள்வி.

இனி தேர்தல் ஆணையம், மலாய்ச் சுருக்கத்தில் எஸ்பிஆர். இதைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் குழுவில் எதிர்ப்பு கிளம்பியதும் இதற்குத்தான். "எஸ்பிஆர் அரசாங்கத்து ஆளு, அவங்க சொல்றதையா நம்பச் சொல்ற?" என்று ஐம்பதைத் தாண்டிய அண்ணன்மார் பலர் கேட்டார்கள்.

அந்தக் கோபம் சும்மா வந்ததல்ல. 2008 மார்ச் 8 தேர்தலில் விரலில் அழியா மை தடவப்போவதாக ஆணையம் அறிவித்திருந்தது. மையும் வாங்கியாகிவிட்டது. வாக்களிப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது, மார்ச் 4-ஆம் தேதி, அந்தத் திட்டத்தையே ரத்து செய்தார்கள். தேர்தல் சீர்திருத்தம் கேட்டு நடந்த பெர்சே பேரணிகளில் மக்கள் கேட்டவற்றில் அந்த மையும் ஒன்று. 2011 ஜூலை 9-இல் அம்பிகா சீனிவாசன் தலைமையில் கோலாலம்பூர் வீதிகளில் மக்கள் இறங்கி, கண்ணீர்ப் புகையை வாங்கிக்கொண்டு கேட்டவற்றில் சுத்தமான வாக்காளர் பட்டியலும் அழியா மையும் இருந்தன. 2013 மே 5 பொதுத்தேர்தலில் ஒருவழியாக மை வந்தது. சில மணி நேரத்திலேயே கழுவினால் போகிறது என்று வாக்காளர்கள் விரலைக் காட்டிப் படம் போட்டார்கள். 2018-இல் தொகுதி எல்லை மாற்றம் மார்ச் 28-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வாக்களிப்பு நாள் மே 9, ஒரு புதன்கிழமை. கோலாலம்பூரிலிருந்து ஊர் திரும்ப வேண்டிய பிள்ளைகள் விடுப்புக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் அலைந்தார்கள். வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு அஞ்சல் வாக்குச்சீட்டு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்ற புகார் குவிந்தது.

இதையெல்லாம் பார்த்தவரிடம் போய் "ஆணையத்தை நம்புங்க அண்ணே" என்று ஒரே வரியில் சொன்னால் ஏறாது. அப்படிச் சொல்லவும் கூடாது.

ஆனால் இன்னொன்றையும் அந்த அண்ணன்மார் பார்த்திருக்கிறார்கள். 2008-இல் மையை ரத்து செய்த அதே ஆணையம்தான் நான்கு நாள் கழித்து ஓட்டை எண்ணி, பினாங்கில் மாநில ஆட்சி மாறியதை அறிவித்தது. 2018-இல் எல்லையை மாற்றி வரைந்த அதே ஆணையம் எண்ணிய ஓட்டில்தான் சுதந்திரத்துக்குப் பிறகு முதன்முறையாக மத்திய ஆட்சி கைமாறியது. இது எப்படி நடந்தது? ஓட்டு எண்ணுவது புத்ராஜெயாவில் ஓர் அறைக்குள் அல்ல. நாம் ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்திலேயே, சாலுரான் (வாக்களிப்பு வரிசை) வாரியாக, எல்லா வேட்பாளரின் ஏஜெண்டுகளும் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டி எண்ணுகிறார்கள். எண்ணி முடித்ததும் போராங் 14 என்ற முடிவுப் படிவம் நிரப்பப்பட்டு, அதன் நகல் ஏஜெண்டுகள் கைக்குப் போகிறது.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். ஆணையத்தை முழுசாக நம்பு, அல்லது முழுசாக ஒதுக்கு என்று இரண்டே வழி வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டாம். தொகுதி எல்லை, வாக்களிப்பு நாள், அஞ்சல் ஓட்டுக்கான விதிகள் இவற்றில் ஆணையத்தைக் கேள்வி கேட்பது நம் உரிமை, கேட்கத்தான் வேண்டும். நான் எங்கே ஓட்டுப் போட வேண்டும், எந்த நாளில், எத்தனை மணி வரை என்ற கேள்விகளுக்கோ ஆணையத்தைவிடச் சரியான பதில் வேறு எங்கும் கிடையாது. அந்த விவரத்தை உண்டாக்குவதே அவர்கள்தான். மற்றவர்கள் எல்லாரும் அங்கிருந்து எடுத்துச் சொல்பவர்கள்.

ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் இணையப் பக்கத்தைத் திறந்து அடையாள கார்டு எண்ணைத் தட்டினால் உங்கள் நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி, வாக்களிப்பு வட்டாரம் வருகிறது. தேர்தல் அறிவித்து நாள் நெருங்கும்போது அதே இடத்தில் பள்ளிக்கூடத்தின் பெயர், சாலுரான் எண், பட்டியலில் உங்கள் வரிசை எண் மூன்றும் சேர்ந்து வரும். பெரியவர்களுக்கு அந்த வரிசை எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே அங்கே போய்த் தடுமாற மாட்டார்கள். சாலுரான் வயதுப்படி பிரிக்கப்படுவதால் மூத்தவர்கள் முதல் சாலுரானிலும் இளையவர்கள் கடைசியிலும் இருப்பார்கள். அப்பாவும் மகனும் ஒரே காரில் போனாலும் ஒரே வரிசையில் நிற்க முடியாது. இதைத் தெரியாமல் "என் பேரை மாத்திட்டாங்க" என்று பதறுகிறவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு.

பிறையில் இருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம். நம் சட்டமன்றத் தொகுதி பிறை, நாடாளுமன்றத் தொகுதி பத்து கவான். திரையில் பத்து கவான் என்று வந்தால் தப்பு என்று நினைக்கிறார்கள். தப்பில்லை. 2018-இல் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்குமாக இரண்டு ஓட்டுச் சீட்டு கொடுத்தார்கள். 2022-இல் பினாங்கு சட்டமன்றம் கலைக்கப்படாததால் ஒரே சீட்டு. அதன் பிறகு 2023 ஆகஸ்ட் 12-இல் மாநிலத்துக்குத் தனியாக ஓட்டுப் போட்டோம். "போன வருஷம்தானே போட்டோம், இப்ப என்ன மறுபடியும்?" என்று கேட்ட பாட்டிகளுக்கு யாரும் பொறுமையாகச் சொல்லவில்லை. 2024 ஜூலை 6-இல் சுங்கை பாக்காப் இடைத்தேர்தல் வந்தபோதும் அதே கேள்வி இங்கே எழுந்தது. அது நிபோங் தெபால் பக்கத்துச் சட்டமன்றத் தொகுதி, நமக்கு ஓட்டு இல்லை. செமாக் பக்கத்தைப் பார்த்தாலே முடிந்துவிடும் விஷயம் இது.

இளையவர்கள் விஷயத்தில் இது இன்னும் அவசரம். 2019 ஜூலையில் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தி, 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதினருக்கு ஓட்டுரிமையும் தானியங்கிப் பதிவும் நடைமுறைக்கு வந்தன. 2018-இல் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022-இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது இதனால்தான். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸிலோ செந்தூலிலோ வாடகை அறையில் இருந்து வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், தாங்கள் ஏற்கெனவே வாக்காளர் என்பதே தெரியாமல் இருக்கிறார்கள். மைகாட் என்ற அடையாள கார்டில் பிறை முகவரி இருந்தால் அவர்கள் ஓட்டு பிறையில்தான். ஏற்கெனவே பதிவானவர்கள் மைகாட்டில் முகவரியை மாற்றினால் மட்டும் போதாது, ஆணையத்திடமும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கலைப்பு அறிவித்த பிறகு ஓடினால் அந்தத் தேர்தலுக்கு உதவாது. வாக்காளர் பட்டியல் அரசிதழில் வெளியாகிவிட்டால் அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று 1958-ஆம் ஆண்டு தேர்தல் சட்டத்தின் 9ஏ பிரிவு சொல்கிறது. எனக்கு இந்தப் பிரிவு பிடிக்கவில்லை, அது நியாயமும் இல்லை என்பேன். ஆனால் அது இருக்கும் வரை, பெயரையும் முகவரியையும் முன்கூட்டியே சரிபார்ப்பது ஒன்றுதான் நமக்குள்ள பாதுகாப்பு.

பக்கத்து கெடா மாநிலத்தின் பாடாங் செராய் தொகுதியில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 2022 நவம்பர் 16-இல், வாக்களிப்புக்கு மூன்று நாள் முன்பு, பக்காத்தான் கூட்டணி வேட்பாளர் மு. கருப்பையா காலமானார். அந்தத் தொகுதி இருக்கும் கூலிமில் சொந்தக்காரர் இல்லாத வீடு நம் குடியிருப்பில் குறைவு. துக்கச் செய்தி புலனத்தில்தான் முதலில் வந்தது. அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் அப்புறம் என்ன? சனிக்கிழமை ஓட்டு உண்டா, இல்லையா? அந்தக் கேள்விக்கு ஆணையத்தின் அறிவிப்புதான் பதில் சொன்னது: அந்தத் தொகுதிக்கு மட்டும் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டு டிசம்பர் 7-இல் நடந்தது. வேகத்தில் ஆணையம் எப்போதும் பின்தங்கித்தான் இருக்கும். வேலைக்கு லீவு போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவருக்கு வேண்டியது அந்த அறிவிப்புதான்.

இதே மாதிரி சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள். அஞ்சலில் ஓட்டுப் போடலாம் என்று யாரோ சொன்னதை நம்பி இருந்துவிட்டால் ஓட்டுப் போச்சு. 2022-இல் வெளிநாட்டு அஞ்சல் ஓட்டுக்குத் தகுதி பெற்றவர்களில் சிங்கப்பூர், புருணை, தென் தாய்லாந்து, கலிமந்தான் பகுதிகளில் இருந்தவர்கள் சேரவில்லை. நேரில் வந்துதான் போட வேண்டியிருந்தது. விதி மாறுகிறதா என்பதை ஒவ்வொரு தேர்தலிலும் ஆணையத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆணையம் சொல்லாத விஷயங்களும் நிறைய இருக்கின்றன. கோலாலம்பூரில் பத்து என்ற பெயருள்ள தொகுதியில் 2018-இல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். வேட்புமனு நாளன்று பிகேஆர் கட்சியின் தியான் சுவாவின் மனு நிராகரிக்கப்பட்டது. பிகேஆர் கட்சி வேறு வழியின்றி, 22 வயதுச் சுயேச்சை வேட்பாளர் பி. பிரபாகரனுக்கு ஆதரவு கொடுத்தது. ஓட்டுச் சீட்டில் அவர் பெயரும் ஒரு சுயேச்சைச் சின்னமும்தான் இருக்கும். யார் யாரை ஆதரிக்கிறார்கள் என்பது ஆணையத்தின் வேலை இல்லை, அதை அது சொல்லவும் சொல்லாது. கட்சியும் செய்தியாளர்களும் வீடு வீடாகச் சொன்னதால்தான் ஜாலான் ஈப்போ பக்கத்து மக்களுக்கு விவரம் போய்ச் சேர்ந்து, பிரபாகரன் வென்று, நாட்டின் மிக இளைய நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். ஆணையத்தின் தாளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அன்று பாதி விவரம்தான் கிடைத்திருக்கும்.

இங்கேதான் தமிழ்ச் செய்தி ஊடகங்களின் இடம் வருகிறது. மின்னல் எஃப்.எம்., பெர்னாமா தமிழ்ச் செய்திகள், நாளேடுகள் இவற்றை நான் இரண்டாவது இடத்தில் வைக்கிறேன். ஆணையத்தின் அறிக்கைகள் மலாயில் எழுதப்படுகின்றன. எங்கள் மாடியில் இருக்கும் பல தாத்தா பாட்டிகளுக்கு அதைத் தமிழில் கொண்டு வந்து சேர்ப்பது வானொலிதான். வேட்பாளர் யார், என்ன வாக்குறுதி, எந்தக் கூட்டணி என்பதற்கும் இவைதான் வழி. அதே சமயம் எந்தப் பத்திரிகை யார் பக்கம் சாயும் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியாததல்ல. ஒரே செய்தியை இரண்டு இடத்தில் பார்த்த பிறகு குழுவில் போடுங்கள் என்பேன். மின்னலை நடத்தும் ஆர்டிஎம், செய்தி நிறுவனமான பெர்னாமா இரண்டும் அரசு சார்ந்தவை என்பதால், வாக்களிப்பு நேரம், நாள் போன்ற விவரங்களுக்கு நன்றாக உதவும். கட்சிகளை எடைபோட அவை மட்டும் போதாது.

கட்சிக்காரர்களைப் பொறுத்தவரை என் பதில் சுருக்கம். கார் ஏற்பாடு செய்வார்கள், சக்கர நாற்காலி கொண்டுவருவார்கள், நல்லவர்கள்தான். ஆனால் உங்கள் சாலுரானைப் பார்த்துச் சொல்கிறேன் என்று அடையாள கார்டு எண்ணைக் கேட்டால் கொடுக்காதீர்கள். அதை நீங்களே பார்க்க முடியும், தெரியாதென்றால் வீட்டுப் பிள்ளை பார்த்துச் சொல்லும். வாக்களிப்பு மையத்துக்கு வந்த பிறகு சந்தேகம் என்றால் அங்கே ஆணையத்தின் ஆட்களிடமே கேளுங்கள். எந்தக் கட்சிக்காரரையும் குழுவில் நிர்வாகியாகச் சேர்க்க வேண்டாம்.

செபெனார்ன்யா டாட் மை பற்றியும் ஒருவர் கேட்டார். 2017-இல் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் தொடங்கிய பொய்ச்செய்தி சரிபார்ப்புத் தளம் அது. மோசடி, மருத்துவ வதந்தி போன்றவற்றுக்குப் பயன்படுத்துங்கள். அரசியல் சர்ச்சை என்று வந்தால் அதை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. 2018 மே 9 இரவு மலேசியாகினி செய்தித் தளத்தின் தேர்தல் முடிவுப் பக்கங்களை முடக்கச் சொல்லி இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது இதே தொடர்பு ஆணையம்தான். முடிவு தெரிய வேண்டும் என்று நாடே விழித்திருந்த இரவு அது.

அந்த இரவை வைத்தே ஓட்டு எண்ணும் இரவுக்கான விதியையும் சொல்லிவிடுகிறேன். அன்று அதிகாரப்பூர்வ முடிவு மெதுவாக வந்தது. சில இடங்களில் போராங் 14-இல் அதிகாரிகள் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் புகார் சொல்லின. புலனத்திலோ யாரும் எண்ணி முடிக்காத தொகுதிகளுக்குக்கூட வெற்றிச் செய்தி பறந்தது. அந்த மாதிரி நேரத்தில் ஆணையத்தின் அறிவிப்புக்காக மட்டும் காத்திருங்கள் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் ஒரு நடுவழி வைக்கலாம். ஏஜெண்டாக உட்கார்ந்தவர் அனுப்பும் போராங் 14 படத்தைப் போடலாம், ஆனால் பள்ளிக்கூடத்தின் பெயரும் சாலுரான் எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஊடகங்கள் தரும் எண்ணிக்கையைப் போடலாம், "அதிகாரப்பூர்வமற்றது" என்ற சொல்லை வெட்டக்கூடாது. வெறும் எழுத்தில் "நாம ஜெயிச்சிட்டோம்" என்று வருவதை நிர்வாகி அழித்துவிட வேண்டும். இடங்களின் கணக்கு முடிந்து யார் பிரதமர் என்ற கட்டம் வந்தால் தேர்தல் ஆணையத்துக்கு அதில் வேலை இல்லை. 2022-இல் பார்த்தோமே, மாமன்னரின் அரண்மனை அறிவித்த பிறகுதான் உறுதி. அதற்கு முன் வரும் எந்தப் "பட்டியலையும்" போட வேண்டாம்.

ஆக, என் பரிந்துரை முதல் யோசனையும் இரண்டாவதும் சேர்ந்தது. எங்கே, எப்போது, எப்படி என்பதற்கு ஆணையம். யார், ஏன் என்பதற்குத் தமிழ் ஊடகம், குறைந்தது இரண்டு. எண்ணும் இரவுக்குப் போராங் 14. நம்மில் இரண்டு பேராவது அடுத்த தேர்தலில் பாக்கா எனப்படும் தேர்தல் ஏஜெண்டுப் பயிற்சிக்குப் போய் ஏதாவது ஒரு வேட்பாளருக்கு ஏஜெண்டாக உட்கார வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக் கேட்கிறேன். எந்தக் கட்சி என்பது அவரவர் விருப்பம். ஆணையத்தை நம்பாத அண்ணன்மார்தான் அதற்கு முதலில் வர வேண்டும். சீட்டு எண்ணுவதைக் கண்ணால் பார்த்து, தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர் சொன்னால் மாடியில் எல்லாரும் கேட்பார்கள்.

கடைசியாக ஒன்று பாக்கி இருக்கிறது, அது நம் குழுவோடு முடிகிற விஷயமும் அல்ல. தேர்தல் அறிவிப்புகள் மலாயில் வெளியாகும் அதே நாளில் தமிழிலும் சீனத்திலும் வர வேண்டும். மற்றவர் மொழிபெயர்த்துச் சொல்லித்தான் விவரம் தெரிய வேண்டும் என்றிருக்கும் ஒரு பாட்டியிடம் ஆணையத்தை நேரடியாக நம்பச் சொல்வதில் பொருளில்லை. இதைக் கேட்டு மாநிலத் தேர்தல் அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தை மலாயிலும் தமிழிலும் தயார் செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் அலுவலகத்தில் இருக்கும், கையெழுத்துப் போட வருபவர்கள் அப்படியே தங்கள் செமாக் விவரத்தையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசி இல்லாத பெரியவர்களை வீட்டில் யாராவது கூட்டி வாருங்கள், அடையாள கார்டையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.